ஆளும் அலவாங்கும் ஒரே தட்டிலா?

கிளிநொச்சிப் பக்கத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு சந்தியில் நின்று பாருங்கள். ஒரு லொறி வந்து நிற்கும். ஒரு காலத்தில் இராணுவத்தில் ஓடி, கழித்துவிடப்பட்டு, ஏலத்தில் கைமாறி வந்த லொறி. மேலே நீலம் பூசியிருப்பார்கள். பூச்சு உரிந்த இடத்தில் பழைய பச்சை தெரியும். பின்தட்டில் முதலில் ஏற்றப்படுவது சாமான்: உதிரி டயர், ஜக், இரண்டு வில்தகடு, இழுவைச் சங்கிலி, டீசல் கான், பழைய பற்றரி, அலவாங்கு, பிக்காசு, மண்வெட்டி. அந்தச் சாமானுக்கு மேலேயும் இடையிலேயும்தான் ஆட்கள் ஏறுகிறார்கள். வயதான பெண்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து உதிரி டயரை இருக்கையாகக் கொடுப்பார்கள்.

அந்த லொறியில் போவது யார்? மலைநாட்டில் இந்தச் செய்தி மடலைப் படிக்கும் நீங்கள் யாரோ எவரோ என்று நினைக்க வேண்டாம். 1958இலும் 1977இலும் 1983இலும் அடிபட்டு, லயத்தை விட்டு, கையில் கிடைத்த மூட்டையோடு வன்னிக்கு இறங்கிப்போன எங்கள் மாமன் மச்சான், அத்தை சித்தி பிள்ளைகள் அவர்கள். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான் நகர் என்று அவர்கள் குடியிருக்கும் ஊர்ப்பெயர்கள் உங்களுக்குத் தெரியும். பலருக்கு இன்னும் வயல் காணி இல்லை. அதனால் கச்சான் பிடுங்கவும், நெல் வயலுக்கும், வீதி வேலைக்கும் நாள் கூலிக்குப் போகிறார்கள். தோட்டத்தில் கங்காணி இருந்த இடத்தில் அங்கே கொந்தராத்துக்காரர் இருக்கிறார். பேர் போடுவது அவர், லொறியும் அவருடையது.

லொறிச் சொந்தக்காரர்களிடம் நாங்கள் பேசிப் பார்த்தோம். ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஆடுற மாட்டை ஆடித்தான் கறக்கணும், பழைய லொறி, சாமான் இல்லாமல் காட்டு ரோட்டில் போக ஏலாது" என்றார்.

சாமான் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. அதில் அவருக்கும் எங்களுக்கும் சண்டை கிடையாது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். பாதி வழியில் ரேடியேற்றர் ஹோஸ் வெடித்தால் பக்கத்தில் கடை இல்லை. இராணுவத்துக்கென்று செய்த லொறிகள் பலவற்றில் மின்சாரம் 24 வோல்ட். 12 வோல்ட் பல்பும் சுவிட்சும் வாங்கிப் போட்டால் எரிந்து போகும். அதனால் ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், பல்பு, வில்தகட்டின் நடு போல்ட், ஒரு கான் தண்ணீர், சில்லுக்கு வைக்கக் கட்டை எல்லாம் லொறியில் இருந்தே ஆகவேண்டும். இவை இல்லாமல் ஆட்களை ஏற்றுகிற சாரதியைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். சண்டை எல்லாம் இவற்றை எங்கே வைப்பது என்பதில்தான்.

இந்த லொறிகளைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. இராணுவ லொறியென்றால் ஆயுதப் பெட்டிக்கும் சிப்பாய்க்கும் ஓர் இடம், கருவிக்கு வேறோர் இடம் என்று யோசித்துத்தான் செய்வார்கள். ஸ்பனரும் ஜக்கும் வைக்கத் தட்டுக்குக் கீழே பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி. உதிரிச் சில்லுக்குத் தனித் தாங்கி. எண்ணெய்க் கானுக்கு வெளியே ஒரு கூடு. மண்வெட்டிக்கும் பிக்காசுக்கும் பக்கவாட்டில் வார் போட்டு இறுக்கும் கொக்கி. உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல். சாரதி பொறுப்பெடுக்கும்போது எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு ஸ்பனர் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும். சிப்பாய் உட்கார நீளப் பலகையும் பிடித்துக்கொள்ளக் கம்பி வளைவும் மேலே படங்கும் இருந்தன.

ஏலத்தில் எடுத்தவர் செய்தது என்ன? பலகையைக் கழற்றினார், கூடுதல் மணல் ஏற்றலாம் என்று. கீழ்ப் பெட்டியை வெட்டி எடுத்தார், அந்த இடத்தில் பெரிய டீசல் தாங்கி வைக்கலாம் என்று. கம்பி வளைவு பழைய இரும்புக்காரனிடம் போனது. இத்தனையும் செய்துவிட்டு, மணல் ஏற்றாத நாளில் அதே தட்டில் ஆள் ஏற்றுகிறார். சண்டைக்குப் போனவனுக்கு இருந்த பாதுகாப்பு கச்சான் பிடுங்கப் போகிறவளுக்கு இல்லை. இராணுவத்தைப் புகழ எங்களுக்கு எந்த ஆசையும் இல்லை. ஆனால் ஒரு லொறி எதற்குச் செய்யப்பட்டது, இப்போது எப்படிப் பாவிக்கப்படுகிறது என்று பார்த்தால் வெட்கப்பட வேண்டியது யார் என்று தெரியும்.

வெறுமனே கிடக்கும் சாமான் என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். ரிம்மோடு சேர்த்து ஒரு பெரிய லொறிச் சில்லு நூறு கிலோவுக்குக் கிட்ட வரும். மாடு குறுக்கே பாய்ந்து சாரதி பிரேக்கை மிதித்தால் லொறி நிற்கும், சில்லு நிற்காது. அது தட்டின் முன்பக்கம் வரை வழுக்கிப் போய்த்தான் நிற்கும், நடுவில் யாருடைய கால் இருந்தாலும். அலவாங்கு கூரான பக்கம் எங்கே பார்க்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. பற்றரி சாய்ந்தால் அமிலம் சேலையை எரித்து அதற்குக் கீழே தோலையும் எரிக்கும். டீசல் ஒழுகினால் தட்டு எண்ணெய்ப் பிசுக்காகி, இறங்கும்போது காலை வழுக்கிவிடும். எங்கள் உறுப்பினர் ஒருவரின் தங்கைக்குக் கணுக்கால் போனது இப்படித்தான். உருண்டு வந்தது ஒரு ஜக். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு கொடுத்தார்களாம். அன்றைக்கு முழுப் பேர் போட்டார்களாம். பெரிய மனசு!

இன்னொன்று. பழைய லொறிகள் பலவற்றின் ரிம் துண்டு ரிம், அதாவது டயரைப் பிடித்து நிறுத்துவது ஓர் இரும்பு வளையம். அது சரியாக உட்காராமல் காற்றடித்தால் வளையம் பறந்து வரும். தலையில் பட்டால் ஆள் மிஞ்சமாட்டார். வழியில் டயர் போனால் "தம்பி, கொஞ்சம் பிடி" என்று கூப்பிடுவது கூலிக்குப் போகும் எங்கள் பையன்களைத்தான். அவர்களுக்கு அதைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"தடைக் காலத்தில் எல்லாம் நாங்கள் இப்படித்தானே ஓடினோம்" என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். உண்மைதான். 1990க்குப் பிறகு வன்னிக்கு எரிபொருளும் பற்றரியும் வாகன உதிரிப்பாகமும் வரவிடாமல் தடை இருந்தது. 2002 தொடக்கத்தில் தடை நீங்கும்வரை மண்ணெண்ணெயில் பெட்ரோல் எஞ்சினை ஓட்டினார்கள். சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய டயரை வெட்டி புஷ் செய்தார்கள். ஒரு போல்ட்டைக்கூட எறியாமல் துணியில் கட்டி வைத்தார்கள். அந்த மெக்கானிக்மாரின் கைவேலையை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அது வேறு வழியில்லாத காலத்து வாழ்க்கை. அன்றைக்குக் கொடுமையாக இருந்ததை இன்றைக்கு வழக்கம் என்று சொல்லி இலாபம் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

ஒரு நியாயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது, 2025இல்தான் திறந்துவிட்டது. நடுவில் 2022இல் ரூபாய் விழுந்து உதிரிப்பாக விலை எங்கேயோ போய்விட்டது. ஆகவே புது லொறி வாங்கு என்று நாங்கள் கேட்கவில்லை. பழைய லொறியே ஓடட்டும். கழற்றிய பெட்டியைத் திரும்பப் போடு என்றுதான் கேட்கிறோம். இரும்புத் தகடு, ஆங்கிள், நல்ல பூட்டு, ஒரு நாள் வெல்டிங் வேலை. ஒரு பின் டயரின் விலைகூட ஆகாது என்று வவுனியாவில் வெல்டிங் வேலை செய்யும் எங்கள் தோழர்கள் கணக்குச் சொல்கிறார்கள். சில்லுக்கு ஒரு தாங்கி, உட்காரப் பலகை, பிடிக்கக் கம்பி. மண்வெட்டியையும் அலவாங்கையும் சாக்கில் சுற்றிக் கட்டி வெளிப்பக்கம் போட வேண்டும். மணல் லொறியை ஆள் லொறியாகவும் ஓட்ட விரும்பினால் அந்தச் செலவு சொந்தக்காரருடையது.

கூலி விஷயமும் இதோடு ஒட்டியதுதான். லொறி வழியில் நின்றால் என்ன நடக்கிறது? ஆண்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். பெண்கள் வெயிலில் குந்தியிருக்கிறார்கள். இரண்டு மணித்தியாலம் பிந்திப் போனால் அரைப் பேர். ஃபேன் பெல்ட் வாங்கி வைக்காதது சொந்தக்காரர், அரைநாள் கூலி இழப்பது தொழிலாளி. லொறியில் ஏறிய நேரத்திலிருந்து பேர் தொடங்க வேண்டும். அப்படி வந்தால் எந்தச் சொந்தக்காரரும் உதிரி பெல்ட் இல்லாமல் வீட்டை விட்டுப் புறப்பட மாட்டார், அதற்கு நாங்கள் உத்தரவாதம்.

சட்டம் ஒன்றுமே சொல்லவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். உச்ச நட்டஈடு 20 இலட்சம் ரூபாய் ஆனது. இதைத் தெரிந்த கொந்தராத்துக்காரர், "இவர்கள் என் ஆட்களே இல்லை, வழியில் ஏறினவர்கள்" என்று சொல்லத் தயாராக இருப்பார். பேர்ப் புத்தகம் அவர் கையில். உங்கள் கையில் ஒன்றும் இல்லை. கணுக்கால் போன அந்தத் தங்கைக்கும் அதுதான் நடந்தது.

இதில் எங்கள் தவறும் உண்டு. மலையில் சந்தா வாங்கும் சங்கங்கள், எங்களையும் சேர்த்துத்தான், வன்னிக்குப் போன சனத்தை அந்த மாவட்டத்துப் பிரச்சினை என்று விட்டுவிட்டோம். மலையில் மட்டும் என்ன வாழுது? கொழுந்து லொறியில் உர மூட்டைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் நடுவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏறுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அதையும் இதோடு சேர்த்தே பேசப்போகிறோம்.

வன்னியில் உறவுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது சொல்லுங்கள்: ஒரு சின்னக் கொப்பியில் திகதி, லொறி இலக்கம், வேலை நடந்த இடம், கூடப் போன ஆட்களின் பெயர், ஏறிய நேரம், லொறி நின்றால் எத்தனை மணித்தியாலம் என்று எழுதி வைக்கட்டும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியையும் பார்க்கட்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கும். அந்தக் கொப்பியின் படத்தைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள், அவர் எங்களிடம் சேர்ப்பார். கொந்தராத்துக்காரர்களோடும் தொழில் திணைக்களத்தோடும் பேசப் போகும்போது அந்தப் பக்கங்களைத்தான் மேசையில் வைக்கப் போகிறோம்.