பக் கோடில் இருக்கு, தோலில் இல்லை

அமெரிக்காவில் பிரசவ மரணம் பற்றிப் பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் சிலர் ரெடியா ஒரு பதில் வச்சிருக்காங்க. "கறுப்பினப் பெண்களுக்குப் படிப்பு கம்மி, காசு கம்மி, உடம்பு வாகும் அப்படி." கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

கணக்குக்கே வருவோம். 2023-ல் லட்சம் குழந்தைகள் பிறந்தால், இறந்த வெள்ளையினத் தாய்மார்கள் 14.5 பேர். கறுப்பினத்தில் 50.3. மூணு மடங்குக்கும் மேல. படிப்புதான் காரணம்னா டிகிரி வாங்கினவங்களாவது தப்பிக்கணுமே? 2007 முதல் 2016 வரையிலான மரணங்களை அலசிப் பார்த்தாங்க. கல்லூரி முடிச்ச கறுப்பினப் பெண்களின் மரண விகிதம், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களோடதைவிட 1.6 மடங்கு! காசு? செரீனா வில்லியம்ஸ்கிட்ட இல்லாத காசா? 2017-ல் பிரசவம் முடிஞ்சதும், நுரையீரலில் ரத்தக்கட்டு, ஸ்கேன் எடுங்கன்னு அவரே சொல்றார். மருந்து மயக்கத்தில் குழப்பிக்கிறார்னு நினைச்சாராம் நர்ஸ். கடைசியில் எடுத்த ஸ்கேனில் கட்டு இருந்தது.

இப்ப என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கான மேட்டர். ஒருமுறை சிசேரியன் ஆனவங்களுக்கு அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமான்னு கணிக்க ஒரு கால்குலேட்டர், 2007-ல் வந்தது. அதில் வயசு, எடையோட இனமும் ஒரு இன்புட். கறுப்பினம்னோ ஹிஸ்பானிக்னோ டிக் பண்ணினா மார்க் குறையும். மார்க் குறைஞ்சா மறுபடியும் கத்திதான். பழைய டேட்டாவில் இருந்த பாரபட்சத்தை உடம்பின் குணம்னு ஃபார்முலாவில் எழுதி வச்சுட்டாங்க. நாம இப்படி கோட் எழுதினா ரிவ்யூவில் கிழிச்சுடுவாங்க. 2021-ல் இனத்தை எடுத்துட்டு புது வெர்ஷன் விட்டாங்க. கணிப்பு ஒண்ணும் கெட்டுப்போகலை. அப்ப இத்தனை வருஷம் அந்த இன்புட் எதுக்கு சாமி?

இங்கேதான் மோனிக்கா மெக்லெமோர் மாதிரி செவிலியர் ஆய்வாளர்கள் எனக்குப் பெருசா தெரியறாங்க. இவரும் சகாக்களும் சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட், ஃப்ரெஸ்னோ ஊர்களில், குறைப்பிரசவ ஆபத்துள்ள கறுப்பின மற்றும் பிற சிறுபான்மைப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு, "எதை ஆராயணும்னு நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. மருத்துவமனையில் நடந்ததையும் கேட்டாங்க. வந்த பதில்: மதிப்பில்லை, பாகுபாடு, கேட்ட விவரம் கிடைக்கலை. 2018-ல் ஆய்விதழில் வெளியாச்சு.

"இதெல்லாம் ஆராய்ச்சியா? வெறும் புலம்பல்"னு சொல்ற மேதாவிகளுக்கு: யூசரைக் கேட்காம ஸ்பெக் எழுதினா என்ன ஆகும்னு நம்ம தொழிலில் சின்னப் பையனுக்கும் தெரியும். அங்கே ப்ராஜக்ட் ஊத்திக்கும். இங்கே தாய் போறா. அமெரிக்காவில் கர்ப்பம் சார்ந்த மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் தடுத்திருக்கக்கூடியவைன்னு அந்த நாட்டு மறுஆய்வுக் குழுக்களே சொல்லுது. தடுத்திருக்கலாம்னா, தடுக்காதது யாரு? அந்தப் பொண்ணோட தோலா?

அடுத்த தடவை "அவங்க உடம்பு அப்படி"ன்னு சொல்ல வாயெடுக்கும் முன்னாடி இதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க.