கிண்டியில் படித்த ராஜ் ரெட்டி

பிரெஞ்சு மீடியத்தில் படித்த என் போன்றவர்களுக்கு 'லெஜியோன் தொனேர்' என்றால் தனி மரியாதை. 1984-ல் மித்தரான் அதை வழங்கியது, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டிக்கு. சித்தூர்ப் பக்கத்து கிராமத்துக்காரர். மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கப் பாடுபட்டவர். 1970-களிலேயே வாயால் சொல்லிச் சதுரங்கம் ஆடவைத்தார். 1994-ல் டூரிங் விருது. அறுபது தாண்டியும் சும்மா இருக்கவில்லை: லட்சக்கணக்கில் புத்தகங்களைக் கணினியில் ஏற்றினார், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தும் கருவி வேண்டும் என்றார்.

விருதுகளைவிட எனக்கு அதுதான் பெரிது. அம்பத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். வங்கிப் படிவம் எதுவானாலும் என்னிடம்தான் வருவார். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது பாரமில்லை. ஆனால் கண் மங்குகிறதே! அவருடைய பல்லில்லாத தமிழைக் கேட்டு எழுதும் இயந்திரம் சீக்கிரம் வரட்டும்.