பொட்டி தட்டி தாளம் போடலாமா?

"கோட் எழுதி மியூசிக் போடறதா? அப்ப பக் வந்தா அபஸ்வரமா?"

லைவ் கோடிங்னு நான் வாயைத் திறந்தாலே ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுடறாங்க. ஜோக் நல்லாத்தான் இருக்கு. இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கு. ஏபிள்டனும் வேணாம், எஃப்எல் ஸ்டுடியோவும் வேணாம், நாலு வரி கோட் தெரிஞ்சா நீயும் இசையமைப்பாளர்னு வீடியோ போடறவங்க. எனக்குக் கடுப்பு இந்த ரெண்டாவது கூட்டத்து மேலதான். ஏன்னா அவங்க வீடியோவைப் பார்த்துட்டு ஊர்ல இருக்கற என் சித்தி பையன் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணினான். "ஏண்ணே, நானும் இதைப் படிக்கட்டுமா? படிச்சா பொழைச்சுக்கலாமா?"

அவன் யாரு, எதுக்குக் கேட்டான்னு பிறகு சொல்றேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி, விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்.

லைவ் கோடிங்னா இசை ஓடிக்கிட்டு இருக்கும்போதே, அந்த இசையை உண்டாக்கற நிரலை மாத்தி மாத்தி எழுதறது. ஒரு வரி எழுதி கண்ட்ரோல் எண்டர் தட்டினா சத்தம் வரும். வரியைத் திருத்தி மறுபடி தட்டினா சத்தம் மாறும், நடுவுல நிக்காது. 2004ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்ல சில பேர் கூடி டாப்லாப்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. வாசிக்கறவர் தன் திரையை எல்லாருக்கும் காட்டணும்ங்கறது அவங்க முக்கியமான கொள்கை. 2012ல் லண்டன்ல இதை வச்சு நடனக் கொண்டாட்டம் நடத்தி அதுக்கு அல்கோரேவ்னு பேர் வச்சாங்க. கருவிகள்னு பார்த்தா, பள்ளிக்கூடப் பசங்களுக்காக கேம்பிரிட்ஜ்ல சாம் ஆரன் எழுதின சோனிக் பை இருக்கு. அலெக்ஸ் மெக்லீன் ஹாஸ்கெல்ல எழுதின டைடல் சைக்கிள்ஸ் இருக்கு. டைடலை நிறுவி முடிக்கறதுக்குள்ள இசை ஆசையே போயிடும்ங்கறது வேற கதை. அதையே 2022ல் இருந்து ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டு வந்ததுதான் ஸ்ட்ரூடல். பிரவுசரைத் திறந்தா போதும், எதுவும் நிறுவ வேண்டாம். நான் மேயறது இங்கதான்.

ஒரு உதாரணம் சொன்னாத்தான் புரியும். கோடை ஆங்கிலத்துலதான் அடிக்கணும், இங்க வசதிக்கு தமிழ்ல எழுதறேன். 'பிடி'ன்னா பேஸ் டிரம்.

பிடி(3,8)

அவ்வளவுதான். எட்டு எண்ணிக்கை இருக்கற ஒரு சுற்றுல மூணு அடியை எவ்வளவு சமமா பரப்ப முடியுமோ அவ்வளவு சமமா பரப்புன்னு அர்த்தம். எட்டை மூணால வகுத்தா மீதி வருதில்ல? அதனால 3, 3, 2ன்னு விழும். வாய் விட்டுச் சொல்லிப் பாருங்க: தகிட தகிட தக. நம்ம ஊர்க் கொட்டு ஞாபகம் வரும், கியூபா ஆளுங்களுக்கு அவங்க ஊர் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்துல மீ.பொ.வ கண்டுபிடிக்க ஒரு வழி படிச்சோமே, யூக்ளிட் வழி, அதுக்குள்ளேயே உலகத்துல பாதி நாட்டுத் தாளங்கள் ஒளிஞ்சிருக்குன்னு காட்ஃப்ரீட் டூசாங்ங்கற கணினிப் பேராசிரியர் 2005ல் ஒரு கட்டுரை எழுதினார். அதைத்தான் இந்தக் கருவிகள் ஒரு அடைப்புக்குறிக்குள்ள வச்சிருக்கு.

இப்போ இதோட இன்னொரு துண்டு சேர்க்கறேன்: 'நாலு சுற்றுக்கு ஒரு தடவை திருப்பிப் போடு'. மூணு சுற்று தகிட தகிட தக. நாலாவதுல அதே கணக்கு பின்னாடியிருந்து வரும். சமத்துல அடியே விழாம, ஒரு எண்ணிக்கை தள்ளி எடுக்கும். முதல் தடவை கேட்டப்போ எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. எஃப்எல் ஸ்டுடியோல இதைச் செய்யணும்னா பேட்டர்னை நகல் எடுத்து, கட்டம் கட்டமா மாத்தி, 32 சுற்று நீளத்துக்கு எட்டு இடத்துல ஒட்டணும். முடிச்சப்புறம் 'நாலுக்கு பதிலா அஞ்சுன்னா எப்படி இருக்கும்'னு தோணிச்சோ, செத்தோம். இங்க 4ஐ அழிச்சு 5னு அடிச்சா முடிஞ்சது.

இதுக்குக் காரணம் காலத்தைப் பார்க்கற விதம். கியூபேஸ், லாஜிக், புரோ டூல்ஸ் மாதிரி மென்பொருளெல்லாம் டேப் ரெக்கார்டரோட வாரிசுகள். காலம் இடமிருந்து வலமா ஒரு கோடா போகும், அந்தக் கோட்டு மேல சத்தத்தை அடுக்கணும். டைடலுக்கும் ஸ்ட்ரூடலுக்கும் காலம்னா சுற்று. ஆவர்த்தனம்னு சொன்னா நமக்கு இன்னும் சட்டுனு விளங்கும். இந்த ஒற்றுமை முழுக்க தற்செயல் இல்லை. டைடல்ல தாளத்தைச் சுருக்கமா எழுதற முறைக்கு முன்மாதிரி போல் பிராசஸர்ங்கற மென்பொருள். 1980கள்ல லக்னோ தபலாக்காரங்க ஒரு சொற்கட்டை எப்படியெல்லாம் மாத்தி விரிக்கறாங்கன்னு ஆராய ஜிம் கிப்பனும் பெர்னார்ட் பெல்லும் உருவாக்கினது. ஆக, லக்னோல புறப்பட்டது இங்கிலாந்து வழியா சுத்திக்கிட்டு என் லேப்டாப்புக்கு வந்திருக்கு.

சரி, இவ்வளவு புகழ்ந்தாச்சு. இப்போ தம்பிகிட்ட போவோம்.

அவன் எலெக்ட்ரீஷியன். சீசன்ல கல்யாண வீடியோவுக்கும் கோயில் கொடை வீடியோவுக்கும் இசை போட்டுக் குடுப்பான். பழைய லேப்டாப், எஃப்எல் ஸ்டுடியோ, நண்பர்கள் வாசிக்கறதைப் பதிவு பண்ணி வச்ச உறுமி, பம்பை, நாதஸ்வரத் துண்டுகள். அவ்வளவுதான் முதலீடு. ஊருக்குப் போனப்போ ஸ்ட்ரூடலைத் திறந்து அரை மணி நேரம் வாசிச்சுக் காட்டினேன். தொடையில தட்டிக்கிட்டே கேட்டான், முகத்துல சிரிப்பு. முடிஞ்சதும் கேட்டான், "சூப்பர்ணே. பாட்டு எங்க?"

"இதாம்லே பாட்டு."

"இது சரிண்ணே... வீடியோல நாப்பத்திரெண்டாவது செகண்டுல மாப்பிள்ளை தாலி கட்டுவாரு. அங்க கெட்டிமேளம் வரணும். அதை எப்படி வைப்பீங்க?"

இந்த ஒரு கேள்வியில லைவ் கோடிங் பிரசாரம் பாதி அடிபட்டுப் போச்சு. படத்துக்கு இசை வைக்கணும்னா கோடுதான் வேணும், சுற்று உதவாது. சுற்றிக்கிட்டே இருக்கற ஒண்ணுகிட்ட 42வது செகண்ட் எங்கன்னு கேட்டா அது என்ன பண்ணும்? கணக்கு போட்டு நிறுத்தலாம்தான், ஆனா கண்ணால பார்த்து இழுத்து வைக்கறதை விட்டுட்டு எதுக்கு அந்தப் பாடு?

இன்னும் இருக்கு. குரலைப் பதிவு பண்றது, மூச்சு சத்தத்தை வெட்டறது, நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் சண்டை வராம அளவு வைக்கறது, இதுக்கெல்லாம் பழைய மென்பொருள்தான். கமகத்தைப் பத்தி பேசவே வேண்டாம். தோடியோட காந்தார அசைவை எண்ணா எழுத முடியாதுன்னு இல்லை, எழுதி முடிக்கறதுக்குள்ள கச்சேரி முடிஞ்சு மைக் செட்டைக் கழட்டிடுவாங்க. அப்புறம் வடிவம். பல்லவி, இடையிசை, சரணம்னு ஒரு பாட்டு நம்மளைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுதே, அது லைவ் கோடிங்ல ரொம்பக் கஷ்டம். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவாங்க, உச்சத்துக்குப் போகும், ஒண்ணொண்ணா எடுப்பாங்க, முடியும். நான் கேட்ட அல்கோரேவ் பதிவுகள்ல முக்கால்வாசி இப்படித்தான். ரசிகர்கள் கும்மினாலும் பரவாயில்லை.

காசு விஷயத்துலயும் ஒரு புரட்டு இருக்கு. லைவ் கோடிங் இலவசம், மத்ததெல்லாம் பணக்காரங்களுக்குன்னு சொல்வாங்க. எல்எம்எம்எஸ் இலவசம்தான். ரீப்பர் தனிநபருக்கு 60 டாலர்தான். கிராக் பண்ணின மென்பொருளைத் தேடி வைரஸ் வாங்கிக்க வேண்டிய அவசியம் இன்னிக்கு யாருக்கும் இல்லை. இன்னொண்ணு, ரெண்டும் ஏதோ ஜென்மப் பகைங்கற மாதிரி பேசறதும் தப்பு. 2001ல் வெளிவந்த ஏபிள்டன் லைவ்வே பெர்லின்ல கெர்ஹார்ட் பேலஸும் ராபர்ட் ஹென்கேயும் மேடையில வாசிக்க தாங்களே எழுதி வச்சிருந்த நிரல்கள்ல இருந்து கிளைச்சதுதான்.

அப்புறம் எதுக்குய்யா இந்த லைவ் கோடிங்னு கேட்பீங்க.

திரையைக் காட்டறதால மக்களுக்குப் புரியும், மூடுமந்திரம் இல்லைன்னு அவங்க சொல்ற காரணம் எனக்கு முழுசா ஒத்துக்கலை. எங்கம்மாவுக்கு ஹாஸ்கெல் புரியவா போகுது? ஆனா தனி ஆவர்த்தனம் நடக்கும்போது சபாவைப் பாருங்க. கோர்வையோட கணக்கு முன் வரிசையில நாலு பேருக்குத்தான் தெரியும். மீதிப் பேர் கையில தாளம் போட்டுக்கிட்டு, 'மனுஷன் சரியா வந்து சேருவாரா'ன்னு காத்திருக்காங்க. சமத்துல வந்து விழும்போது அரங்கமே தட்டுது. அந்தக் காத்திருப்புதான் சுகம். தப்பு நடக்க வாய்ப்பு இருக்குன்னு தெரியறதுக்குத் திரை உதவும், புரியறதுக்கு இல்லை. (தப்பா டைப் பண்ணினா என்ன ஆகும்னு கேட்கறீங்களா? பிழைச்செய்தி வரும், ஆனா முன்னாடி ஓடின தாளம் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். எங்க புரொடக்‌ஷன் சர்வரும் இப்படி இருந்தா நான் சனிக்கிழமை தூங்குவேன்.)

அதுக்காக இதை மிருதங்கத்துக்கு சமமா வைக்க மாட்டேன். மிருதங்கக்காரர் நினைச்ச கணத்துல கை பேசும். இங்க நினைக்கணும், அடிக்கணும், எண்டர் தட்டணும், அப்புறம்தான் காது கேட்கும். அந்த இடைவெளி இருக்கற வரைக்கும் இது வாத்தியம் இல்லை. சத்தம் ஓட ஓட உட்கார்ந்து எழுதற எழுத்து வேலை. இளையராஜா மொத்த வாத்தியத்துக்கும் தாள்ல எழுதிக் குடுக்கறது தெரிஞ்ச விஷயம். அவருக்கு மொத்தமும் மண்டைக்குள்ள முன்னாடியே கேட்டுடுது. நமக்கு மண்டைக்குள்ள ஒண்ணும் கேட்காது, அதனால ஒவ்வொரு வரியையும் எழுதி எழுதிக் கேட்டுக்கணும். பாட்டுக்காரங்க பாஷையில சொன்னா, சாதகம்.

தம்பியோட கேள்விக்கு வர்றேன். அவன் ஏன் அந்த நேரத்துல போன் பண்ணினான் தெரியுமா? வழக்கமா வேலை குடுக்கற ஒரு வீடியோக்காரர், "இனிமே வேணாம் தம்பி, ஏஐல ரெண்டு வரி சொன்னா பாட்டே போட்டுக் குடுக்குது"ன்னுட்டாராம். சூனோ 2023 கடைசியிலயும், யூடியோ 2024லயும் பொதுமக்கள் கைக்கு வந்தது. குரல், வரி, மெட்டு எல்லாம் சேர்த்து காப்பி ஆத்தற நேரத்துல வருது. கல்யாண வீடியோவுக்கு அது போதும்னு நினைக்கறவங்ககிட்ட நாம சண்டை போட முடியாது.

என் கதையும் ஏறக்குறைய அதுதான். ஆபீஸ்ல இப்போ நான் கோட் எழுதறது குறைஞ்சு போச்சு. என்ன வேணும்னு தட்டச்சு பண்றேன், அது எழுதுது, நான் சரி பார்த்து ஒப்புதல் குடுக்கறேன். சாயந்திரம் ஏதாவது ஒரு வரியைக் காட்டி 'இது ஏன் இங்க இருக்கு'ன்னு கேட்டா நானும் படிச்சுப் பார்த்துத்தான் சொல்லணும். ஸ்ட்ரூடல் கோடும் ஏஐ எழுதும், கேட்டுப் பார்த்தேன், மோசமில்லை. ஆனா நானே அடிச்ச எட்டு வரியில எந்த எழுத்துல விரலை வச்சாலும் அது என்ன சத்தம் போடுதுன்னு என்னால சொல்ல முடியும். அது தப்புன்னா காது உடனே சொல்லிடும், யாரோட ஒப்புதலும் வேண்டியதில்லை. இப்போதைக்கு எனக்கு அப்படி மிச்சம் இருக்கற இடம் அது ஒண்ணுதான்.

அதனால தம்பிகிட்ட இப்படித்தான் சொன்னேன். இதைப் படிச்சா பொழைக்க முடியாது. எஃப்எல் ஸ்டுடியோவை விட்டுடாதே, அந்த உறுமிக்காரரோட நம்பரையும் விட்டுடாதே. அவர் வாசிப்பைப் பதிவு பண்ணி வச்சிருக்கே பாரு, அது வேற யாருகிட்டயும் இல்லை. ஆனா ஆடி மாசம் முழுக்க கல்யாணம் இல்லாம சும்மாத்தானே இருப்பே, தினம் அரை மணி நேரம் இதுல உட்காரு. கையில வர்ற தாளத்தை எண்ணா எழுதிப் பாரு.

"அதனால காசு வராதுல்லா?"

"வராதுலே."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "சரி, லிங்க் அனுப்புங்கண்ணே"ன்னான்.

ரெண்டு வாரம் கழிச்சு நேத்து வாட்ஸப்புல ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அடைப்புக்குறிக்குள்ள 3,7. கூடவே, "மிஸ்ர சாபு வரலண்ணே, தக தக தகிடன்னு வருது, எனக்கு தகிட தக தகன்னு வேணும்"னு ஒரு வாய்ஸ் மெசேஜ். அடைப்புக்குறிக்குள்ள மூணாவதா ஒரு எண் போட்டா தாளம் சுழன்று குடுக்கும்னு மட்டும் சொல்லியிருக்கேன், எந்த எண்ணுன்னு சொல்லலை. உங்களுக்கும் சொல்லப் போறதில்லை. கண்டுபிடிச்சவங்க பின்னூட்டத்துல போடுங்க, ஆனா அவனும் இங்க வந்து படிப்பான், அதனால ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளியிடுவேன் :-)