ஸ்டெப்னி இல்லாத காரும் கரிசல் சாலையும்

பஞ்சரானால் மாட்டிக்கொள்ளக் காரில் வைத்திருக்கும் ஐந்தாவது சக்கரத்துக்கு நம் ஊரில் ஸ்டெப்னி என்று பெயர். ஆங்கிலச் சொல்தானே என்று இங்கிலாந்தில் போய்க் கேட்டால் இன்று பலருக்கு விளங்காது. அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸில் உள்ள லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் தாமஸ் மோரிஸ் டேவிஸும் அவருடைய சகோதரரும் ஒரு பொருளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே இதை இறுக்கி மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டலாம். அதுவரை வந்த கார்களில் மாற்றுச் சக்கரம் என்ற ஒன்றே கிடையாது. குதிரை லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணி ஏறினால் சாலையோரம் உட்கார்ந்து ஒட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் கம்பெனி மறைந்துவிட்டது. பெயர் மட்டும் இந்தியாவிலும் மால்ட்டாவிலும் தங்கிவிட்டது. பிரேசிலில் ‘எஸ்டெப்பே’ ஆகிவிட்டது. அதாவது, ஸ்டெப்னி இல்லாத காருக்கு ஸ்டெப்னி தேடிக்கொடுப்பது 120 வருஷத்துக்கு முந்தைய வியாபாரம். அதற்கு இப்போது மறுபடியும் தேவை வந்திருக்கிறது.

2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஓட்டுநர் நீங்கலாக எட்டு பேருக்கு மிகாமல் ஏறும், மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வண்டிகளில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் அடைக்கும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தர வேண்டியதில்லை என்றது அந்தத் திருத்தம். மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. விலை கூடிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது புதிதில்லை. அவை ஸ்டெப்னியைக் கைவிட்டு வெகுகாலமாயிற்று. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டு மாடல்களில் 36 சதவீதத்தில் ஸ்டெப்னி இல்லை என்று அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ கணக்கிட்டது. இந்தச் சலுகையை ரத்து செய்ய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்கிற கம்பெனி, வேண்டும் என்கிறவருக்கு அந்தக் காருக்குப் பொருந்துகிற ஸ்டெப்னியை விலைக்காவது தரக் கடமைப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் வாதம். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் சீமையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதன் நியாயம் சட்டென்று புரியும்.

இங்கே டயருக்கு முதல் எதிரி என்று எல்லோரும் கை காட்டுவது சீமைக்கருவேல முள்ளை. எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் சாலையின் இரு ஓரமும் அதுதான். வெட்டிய விறகு ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து ஒரு கொப்பு விழுந்தால் போதும். ஆனால் நேர்மையாகச் சொன்னால், முள்ளுக்காக யாரும் ஸ்டெப்னி கேட்க வேண்டியதில்லை. டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஊசியில் ரப்பர் திரியைக் கோத்துக் குத்தி இழுத்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். கம்பெனி தரும் பசைத் திரவமும் இந்த அளவு ஓட்டையை அடைத்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கரிசல் மண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். இப்படி வருஷத்துக்கு ஒருமுறை மூச்சு விடுகிற மண்ணின் மேல் போட்ட தார்ச்சாலை ஓரத்தில் விரியும், உள்வாங்கும். எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்கி இறங்கும்போது அந்த விளிம்பு கத்திபோல டயரின் பக்கவாட்டில் ஏறும். பக்கவாட்டுக் கிழிசலைப் பசையும் அடைக்காது, திரியும் அடைக்காது. கிட்டின் உபயோகம் தரையில் படுகிற பகுதியில் விழும் சின்ன ஓட்டையோடு சரி. டயரைத் தாங்கும் டிஸ்க்கே வளைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு அந்தப் பசைப் புட்டிக்குக் காலாவதித் தேதி வேறு உண்டு. இருபது ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் தேதியைத் திருப்பிப் பார்க்கிற நாம், டிக்கிக்குள் கிடக்கும் அந்தப் புட்டியின் தேதியைப் பார்ப்பதில்லை.

சாதாரணக் காரைவிட ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த ஆபத்து ஏன் கூடுதல் என்பது டயரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணிலேயே தெரியும். போர்ஷே 911 கரேரா எஸ் காரின் இப்போதைய தலைமுறையில் முன்டயர் 245/35 ஆர் 20. பின்டயர் 305/30 ஆர் 21. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. கணக்குப் போட்டால் பின்டயரில் சாலைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஒன்பது சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். 185/65 டயர் போட்ட குடும்பக் காரில் அது பன்னிரண்டு. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள மூன்று சென்டிமீட்டர் குறைவு, காரின் விலையோ பல மடங்கு அதிகம். முன்டயரின் முழு விட்டம் 68 சென்டிமீட்டர், பின்டயருக்கு ஏறத்தாழ 72. ஆக, ஒரே ஸ்டெப்னி இரண்டு அச்சுக்கும் முறையாகப் பொருந்தாது. ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் ஸ்டெப்னியைக் கைவிட்டதற்கு இடப்பற்றாக்குறையோடு இதுவும் காரணம்.

அதனால் முடியாது என்று ஆகிவிடாது. இதே 911-இன் பழைய தலைமுறைகளில் முன்பக்க டிக்கிக்குள் காற்றில்லாமல் மடிந்த ஒரு டயர் சக்கரத்தோடு இருந்தது. கூடவே சின்ன கம்ப்ரசர். தேவைப்படும்போது காற்றடித்து, மெதுவாக ஓட்டிக் கடை வரை போய்ச் சேரலாம். இடமில்லாத காருக்கு இடத்தோடு சேர்த்து யோசித்த வேலை அது. இன்று அப்படி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ள நினைக்கிறவர் பார்க்க வேண்டியவை பல. போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டமும் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்; 911-க்கு 130 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து ஓட்டை. நடுத்துளை ஹப்பின் மேல் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். டிஸ்க் உள்வாங்கியிருக்கும் அளவு மாறினால் டயர் மட்கார்டில் உரசும். சின்ன டிஸ்க்கானால் பெரிய பிரேக் காலிப்பரில் இடிக்கும். இத்தனையும் சரியாக அமைந்தாலும், விட்டம் குறைந்த சக்கரத்தை எஞ்சின் இழுக்கும் அச்சில் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓட்டினால் டிஃபரன்ஷியலுக்குக் கேடு. அவசரத்துக்கான குட்டி ஸ்டெப்னிகளில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. இதையெல்லாம் கார் வாங்கியவர் பழைய சாமான் கடையில் உத்தேசமாகப் பார்த்துப் பொருத்துவதைவிட, காரை வடிவமைத்த கம்பெனி சோதித்துத் தருவதுதான் நியாயம். அளவுகள் அவர்கள் கையில்தானே இருக்கின்றன.

எடை கூடும், மைலேஜ் குறையும் என்பார்கள். முழு ஸ்டெப்னியின் எடை ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ. ஊருக்குப் போகிற குடும்பம் கோவில்பட்டியில் நிறுத்தி, 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயைச் சொந்தபந்தத்துக்கெல்லாம் சேர்த்து அள்ளிப் போட்டால் அதில் பாதி எடை வந்துவிடும். யாரும் மைலேஜைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஸ்டெப்னியைப் பெரும்பாலோர் கடைசிவரை தொடுவதே இல்லை என்பது இதைவிட வலுவான வாதம். உண்மைதான். அதனால்தான் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. கேட்கிறவருக்குக் கிடைக்க வேண்டும் என்கிறேன். சென்னைக்குள்ளேயே ஓடும் கார் அதைச் சுமக்க வேண்டாம்.

உதவிக்குத்தான் போன் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. நான்கு வழிச்சாலையில் 1033-ஐ அழைத்தால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி வரும். கம்பெனிகளும் தனியாக ஆள் அனுப்புகின்றன. ஆனால் கிரேன் வருவது வண்டியை ஓரங்கட்ட. அது டயர் கொண்டுவராது. தரைக்கு நெருங்கி உட்கார்ந்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காரை முன்பக்கம் தூக்கி இழுத்துப் போகவும் முடியாது, மேடை வைத்த லாரி வேண்டும். கோவில்பட்டியிலிருந்து மதுரை சுமார் 100 கிலோமீட்டர், திருநெல்வேலி 55. அங்கே போய்ச் சேர்ந்தாலும் 21 அங்குல டயர் அலமாரியில் இருக்குமா என்பது அதிர்ஷ்டம். விளாத்திகுளம் பக்கமோ, கழுகுமலைப் பக்கமோ ஒரு கிராமச் சாலையில் நின்றுவிட்டால் நெடுஞ்சாலை உதவி எண்ணுக்கு அங்கே வேலையும் இல்லை.

சாலையோரத்தில் சக்கரம் மாற்றுவதே ஆபத்து, வயதானவர்களால் முடியாது என்ற பேச்சை மட்டும் எளிதாகத் தள்ள முடியாது. லாரி விரைகிற நான்கு வழிச்சாலையில் குனிந்து நட்டு கழற்றுவது உயிரோடு விளையாடுவது. சர்வீஸ் ரோடுவரை உருட்டிப் போய், முக்கோணப் பலகை வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். அப்போதும், கையில் ஸ்டெப்னி இருந்தால் மாட்டித்தர அந்த வழியே போகிற லாரி டிரைவரோ, பக்கத்து ஊர் பஞ்சர் கடைக்காரரோ வருவார். சக்கரமே இல்லாவிட்டால் எவ்வளவு கைதேர்ந்தவர் வந்தும் பயனில்லை. கம்பெனி தரும் பெட்டியில் கரிசலுக்கென்று ஒரு சாமான் சேர்க்க வேண்டும்: ஓர் அடிச் சதுரத்தில் கனமான பலகை. மழை பெய்த கரிசலில் ஜாக்கி வைத்தால் கார் மேலே ஏறாது, ஜாக்கிதான் கீழே இறங்கும். கழற்றிய சக்கரத்தை எங்கே வைப்பது என்றும் யோசித்திருக்க வேண்டும். குட்டி ஸ்டெப்னி இருந்த குழியில் 305 அகல டயர் அடங்காது. இரண்டே சீட் உள்ள காரில் சேறு அப்பிய அந்தச் சக்கரம் பக்கத்தில் இருப்பவர் மடிக்குத்தான் போகும். ஓர் உறையும் இரண்டு பட்டையும் சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்தது.

இதற்கு 2020 விதியிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும். சலுகையைப் பயன்படுத்தும் கம்பெனி அந்த மாடலுக்கென்று சோதித்த சக்கரம், ஜாக்கி, கட்டும் பட்டை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக விற்பனைக்கு வைக்க வேண்டும். காரில் ஸ்டெப்னி இல்லை என்பதை விலைப்பட்டியலிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். இன்றைக்கு வாங்குகிறவர்களில் சிலர் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்ப்பதே முதல் பஞ்சரன்றுதான். புக்கிங் படிவத்தில் என்ன நிறம், எந்த சீட் உறை என்று கேட்கிறார்கள். அதற்குக் கீழே ஸ்டெப்னி வேண்டுமா, என்ன விலை என்று இன்னொரு கட்டம் போட இடம் இருக்கிறது.