கவலை ஏற்றத்தை ஓட்டிக் காட்டுங்கள்!

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியில் பழைய வேளாண் கருவிகளுக்குக் காட்சிக்கூடம் அமைக்கிறோம். கவலை ஏற்றச் சாமான்கள் கிடைத்துள்ளன. எப்படிப் பாதுகாப்பது?

பதில்: நல்ல முயற்சி. மரச் சாமான்களைச் செங்கல் மேல் வைத்து, அவ்வப்போது வேப்பெண்ணெய் பூசுங்கள். கரையான் தொல்லை குறையும். தோல் தும்பிக்கு விளக்கெண்ணெய் தடவினால் வெடிக்காது.

ஆனால், பொருளைக் காப்பது பாதி வேலைதான். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைக் காட்டுவதோடு, மண்பாண்டம் வனைவதையும் கண்ணெதிரே செய்து காட்டுகிறார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

கவலையில் வடம் மேல் உருளையிலும், வால்கயிறு கீழ் உருளையிலும் ஓடும். அதனால்தான் சால் மேலே வந்ததும் தும்பி நீண்டு, தானாகவே தொட்டியில் தண்ணீர் கொட்டும். சுவரில் தொங்கும் சாலைப் பார்த்தால் இது புரியாது. மாடுகளைப் பின்னோக்கி நடத்தும் பக்குவமும் ஓட்டியவருக்கே தெரியும்.

அப்படி ஓட்டியவர்கள் இன்று முதியவர்கள். தள்ளிப்போடாமல் ஒருவரை அழைத்து ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் உங்கள் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். செல்போனில் வீடியோ எடுங்கள். அப்போது கிணற்றைச் சுற்றித் தடுப்பு கட்டி, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவது முக்கியம்.