மண்ணுக்கு மூச்சு இருக்கான்னு யாரு பார்க்கிறா?

முதல் மழை பெஞ்சதும் ‘மண்வாசனை’ன்னு ஸ்டேட்டஸ் போடும் பட்டணத்து நண்பர்களே, அந்த வாசனை வெறும் மண்ணோடது இல்லை. ஆக்டினோமைசீட்ஸ் என்கிற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றி மிச்சமிருக்கும் புதர்க்காட்டு மண்ணில் அந்த உயிர் எவ்வளவு இருக்கு? கேட்டா, மண்வள அட்டை இருக்கேம்பாங்க. 2015-ல் வந்த அந்த அட்டையில் 12 அளவுகள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்தில் ஆரம்பிச்சு போரான் வரைக்கும் உண்டு. நுண்ணுயிருக்கு ஒரு வரி கிடையாது. அதுவும் வயலுக்குத்தான், காட்டுக்கு இல்லை.

அளக்கிறது பெரிய வித்தையும் இல்லை. ஒரு ஜாடியில் ஈர மண், உள்ளே சின்னக் குப்பியில் காஸ்டிக் சோடா கரைசல். இறுக்கி மூடி வச்சா, நுண்ணுயிர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைசல் பிடிச்சுக்கும். அப்புறம் அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விட்டுக் கணக்குப் பார்க்கணும். பிளஸ் டூ வேதியியல்தானே! இன்னொரு வழி, டி.டி.சி. என்கிற நிறமில்லாத உப்பை மண்ணில் கலந்து வைக்கிறது. நுண்ணுயிர்களின் நொதி வேலை செஞ்சா அது சிவப்பாகும். ஈயம், குரோமியம் மாதிரி உலோகங்கள் ஏறிப்போன மண்ணில் அந்தச் சிவப்பு வெளிறிடும்.

ஒரே ஒரு எண்ணை வச்சு ஏமாத்தவும் முடியும், அதையும் சொல்லிடறேன். காய்ஞ்ச மண்ணில் மழை விழுந்த உடனே மூச்சு சட்டுனு எகிறும். உலோக நஞ்சில் தவிக்கிற நுண்ணுயிர்களும் உயிர் பிழைக்கவே வேகமா மூச்சு விடும், இழுப்பு வந்த ஆள் மாதிரி. அதனால மூச்சோட, மண்ணில் மொத்தம் எவ்வளவு நுண்ணுயிர் இருக்குங்கிறதையும் சேர்த்து அளக்கணும். புகைபோக்கிக்குப் பக்கத்துக் காட்டையும், தள்ளி அதே வகை மண் உள்ள காட்டையும், ஒரே பருவத்தில், ஒரே ஈரத்தில்.

இதையெல்லாம் செய்யாம, காட்டை எடுத்துக்கிட்டு வேற இடத்துல கன்னு நட்டு ஈடு கட்டிட்டோம்ங்கிறாங்க. அந்த நிதிக்கு 2016-ல் தனிச் சட்டமே போட்டாச்சு. கன்னுக்குக் கணக்கு இருக்கு, மண்ணுக்கு இல்லை. பல வருஷமா இலை மக்கி, பூஞ்சை ஓடி, வேரோட பின்னிக்கிடந்த மண்ணை எந்த நர்சரியில் வாங்குவாங்களாம்?

ஆலை விரிவாக்கத்துக்கு அனுமதி கொடுக்கும் முன்னாடி ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம் வடகிழக்குப் பருவமழை முடிஞ்சதும் ஒரு தடவை, இந்தச் சோதனையைச் செஞ்சு முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டணும். ஞாயித்துக்கிழமை கன்னு நட வர்றவங்களும் வனத்துறை அனுமதியோட ரெண்டு மூடி போட்ட ஜாடி எடுத்துட்டு வாங்க. மண்வெட்டி எங்ககிட்ட இருக்கு.