உதவிப் பணமும் ஏறாத கணக்கும்

வறிய மாற்றுத்திறனாளிகளுக்கு ‘அஸ்வெசும’ திட்டத்தின்கீழ் மாதந்தோறும் வழங்கப்பட்ட 7,500 ரூபா, 2025ஆம் ஆண்டில் 10,000 ரூபாவாக உயர்ந்தது. கடன்பட்ட நாட்டுக்கு இச்செலவு தகுமா என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. திறைசேரிப் பணம் மக்களின் வரிப்பணமன்றோ? 2024 சனவரியில் 18 வீதமாகிய பெறுமதி சேர் வரியை, உதவி பெறுபவரும் கடையிற் செலுத்துகிறார்.

ஆயினும், ஏட்டில் ஏறாத செலவொன்று உண்டு. அட்டாளைச்சேனையில், நடக்கவியலாத மகனைப் பேணும் தாயொருத்தி வயல்வேலைக்குச் செல்லுதல் எங்ஙனம்? அவள் இழக்கும் கூலியைக் கணக்கிட்டவர் யார்? பராமரிப்போருக்கென அத்திட்டத்தில் தனிக் கொடுப்பனவு இல்லை. வேலை தேடும் இளைஞருக்கும் இல்லை. நாடு கொடாததை அவ்வீடுகளே கொடுத்து வருகின்றன. உதவியை உயர்த்துவது புதுச் சுமையன்று; ஒருத்தி தனியே சுமந்ததை ஊரார் பகிர்ந்துகொள்வதேயாகும்.